பிட்டர் செபஸ்தியானின் வலது முழங்கால்

மோட்டார் சைக்கிளில் சூரமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டி மேட்டில் ஏறும்போது செபஸ்தியானின் வலது முழங்கால் தானாக மடங்கும். கை மூன்றாவது கியரைப் போட்டு முடிப்பதற்குள் முழங்கால் உள்ளே வந்து, பெட்ரோல் டாங்கியின் ஓரத்தில் நிற்கிற கியர்க் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் கம்பி 'டக்'கென்று கழன்று நடுவுக்கு வந்துவிடும். எஞ்சின் மட்டும் தொண்டை கிழிய அலறும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது, பின்னால் வருகிற மாட்டுவண்டிக்காரர் அவருடைய வம்சத்தையே விசாரிப்பார். ஆகவே முழங்கால். வலத்தோள் இறங்கி, இடுப்பு ஒருக்களித்து, ஒற்றைக் கையில் தண்ணீர்க் குடம் தூக்கிப் போகிறவரைப் போலக் கோணிக்கொண்டுதான் அவர் ஊருக்குள் நுழைவார். காக்கிக் கால்சட்டையில் அந்த ஒரு முழங்கால் மட்டும் தேய்ந்து கிழியும். அவர் மனைவி அன்னாள் ஒட்டுப் போட்டுத் தைப்பாள். ஒட்டும் தேய்ந்தால் அதன்மேல் இன்னொரு ஒட்டு.

செபஸ்தியானுக்கு ரயில்வே எஞ்சின் ஷெட்டில் பிட்டர் வேலை. ஊருக்குள்ளும் அவருக்கு அதுதான் பெயர். கிணற்றுப் பம்பு இழுக்கவில்லையா, தையல் மெஷின் நூலை அறுக்கிறதா, கோவில் மணி ஒருச்சாய்ந்து தொங்குகிறதா, பிட்டரைக் கூப்பிடு. வருவார். திருப்புளியின் முனையை மெஷின்மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாரும் இருமக்கூடக் கூடாது. கழற்றிப் பூட்டி முடித்ததும் ஒரு திருகோ, ஒரு தகடோ எப்படியும் கையில் மிஞ்சும். அதைச் சொந்தக்காரரின் உள்ளங்கையில் வைத்து, "செஞ்சவன் பயந்துகிட்டு ஒண்ணு கூடப் போட்டு வச்சிருக்கறானுங்க. இது வேண்டியதில்ல" என்பார். பெரும்பாலும் மெஷின் ஓடவும் ஓடும். அதுதான் கேடாகப் போயிற்று. ஓடாமல் போயிருந்தால் யாராவது ஒருவர் வாயைத் திறந்து கேட்டிருப்பார், அவரும் கொஞ்சம் யோசிக்கப் பழகியிருப்பார்.

வண்டி அவருக்கு வந்த கதையும் கோவில் மணியோடு சேர்ந்ததுதான். யுத்தத்துக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுச் சாமியார் அந்த மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பூசை வைத்துவிட்டு வருவார். அவர் தாய்நாட்டுக்குப் போன பிறகு வண்டி சாமியார் பங்களாவின் கொட்டகையில் கிடந்தது. கோழிகள் அதன் டாங்கியின் மேல் அடை காத்தன. செபஸ்தியான் மணியை இறக்கி, புதுத் தாங்கி செய்து மாட்டிக் கொடுத்தார். கூலி எதற்கு, இதை எடுத்துக்கொள் என்று பங்குச் சாமியார் கொட்டகையைத் திறந்துவிட்டார். கோழி எச்சத்தோடு வண்டி ரயில்வே குடியிருப்புக்கு உருண்டு வந்து சேர்ந்தது. மகளை ஜலகண்டாபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்த சமயம். வீட்டில் அன்னாளும் அவரும் மட்டும். இனி மூன்றாவதாக இது என்று அன்னாளுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், பின்கட்டு முற்றத்தில் கோணி விரித்து உட்கார்ந்துவிடுவார். அன்னாளின் முறத்தில் பல்சக்கரங்கள். அவள் சோறு வடிக்கிற அலுமினியச் சட்டியில் மண்ணெண்ணெய். இட்லித் தட்டின் குழிகளில் குண்டுகளும் சுருள்வில்களும், கலந்துவிடாமல் குழிக்கு ஒரு ஜாதி. அந்தத் தட்டை அவள் எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் திங்கட்கிழமை இட்லியில் கிரீஸ் வாடை வரும். வருகிறதே என்றால், "ஷெட்டுல நாங்க அதத் தின்னுதான் வளந்தோம்" என்பார். அவள்தான் கையாள். பிடி என்றால் பிடிக்க வேண்டும், விடு என்றால் விட வேண்டும், வெளிச்சத்தை மறைக்கக் கூடாது. அப்படிப் பிடித்துப் பிடித்தே கியர்ப் பெட்டியின் வயிற்றுக்குள் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் பழகிப்போயிற்று.

பெட்டியை முதன்முதலாகக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டியபோது, உள்ளே கிடக்கிற தண்டு கையால் சுற்றச் சற்று இறுக்கமாக இருந்தது. தண்டின் முனையில் மெல்லிய எஃகு வாஷர் ஒன்று. அதை எடுத்துவிட்டுச் சுற்றினார். வெண்ணெய்போலச் சுற்றியது. செபஸ்தியான் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா அன்னா? மூச்சு முட்டிக் கெடந்துது. இரும்பு சூடானா ஊதும். அதுக்கு மூச்சு வுட எடம் வுடணும்" என்றார்.

அது அவருடைய வேதவாக்கு. ரயில் எஞ்சினில் அது சரி. கொதிக்கிற கொப்பரையும் ஆளுயரச் சக்கரமும் உள்ள இடத்தில் இடைவெளி விடாமல் பூட்டினால் இரும்பு இரும்பைக் கடித்து நின்றுவிடும். ஷெட்டில் இத்தனை வருஷம் அவர் கை பழகியது அந்தக் கணக்கு. கைப்பிடியளவுப் பெட்டிக்கும் அதே கணக்கைப் போட்டார். மிஞ்சிய வாஷரை முற்றத்தில் எறிந்தார். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஆண்டவரின் திரு இருதயப் படத்தின் பின்னால் இருந்த வளையம் துருப்பிடித்து அறுந்து, படம் அரிசிப் பானைமேல் சாய்ந்து கிடந்த நாட்கள் அவை. அன்னாள் வாஷரை எடுத்துத் துடைத்து, கம்பியில் கோத்து, படத்தை ஆணியில் மாட்டிவிட்டாள். ஆண்டவர் நேராக நின்றார்.

வண்டி ஓடியது. முதலிரண்டு கியரும் நான்காவதும் சமர்த்து. மூன்றாவது மட்டும் மேடு கண்டால் கழன்றது. செபஸ்தியான் அசரவில்லை. கம்பியின் நீளம் தப்பு என்று மரையைத் திருகிச் சரிக்கட்டினார். கழன்றது. உள்ளே இருக்கிற சுருள்வில் சோர்ந்துவிட்டது என்று ஷெட்டிலிருந்து கெட்டியான ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து போட்டார். இப்போது கியர் விழுவதற்கே கடப்பாறை வேண்டும்போல ஆயிற்று, ஆனாலும் மேட்டில் கழன்றது. சக்கரத்தை நகர்த்துகிற கவட்டையைக் காய்ச்சி வளைத்தார். அதற்கும் கழன்றது. கடைசியில் சக்கரத்தின் பக்கவாட்டில் ஒன்றையொன்று கவ்வுகிற பற்களைத் தடவிப் பார்த்தார். முனைகள் மழுங்கியிருந்தன. "பல்லுதான். அன்வர் பாட்சாகிட்ட குடுத்துக் கட்டிக்கிட்டு வாரேன்" என்றார்.

அன்வர் பாட்சாவின் லேத்துப் பட்டறை பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்தது. தேய்ந்த பல்லை வெல்டிங் வைத்து வளர்த்தி, அராவி, எலும்புக்கரியோடு இரும்புப் பெட்டிக்குள் அடைத்துச் சுட்டு, எண்ணெயில் முக்கிக் கடினப்படுத்துவதில் அவர் கை தனி. இரண்டு குடும்பத்துக்கும் நெடுநாள் பழக்கம். நோன்பு மாதத்தில் சாயங்காலம் பாட்சாவின் மனைவி மஸ்தான் பீவி தூக்குச் சட்டியில் கஞ்சி கொடுத்தனுப்புவாள். முதல் டம்ளர் செபஸ்தியானுக்கு. இரண்டாவதும் அவருக்குத்தான். பாஸ்குப் பண்டிகையான ஈஸ்டருக்கு அன்னாள் அதே சட்டியில் அதிரசம் வைத்து அனுப்புவாள். சட்டி யாருடையது என்பதே இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

பல்லை முடித்துக் கொடுத்த அன்று பாட்சா ஒன்று கேட்டார். அன்னாளும் பக்கத்தில் நின்றாள்.

"பிட்டரே, தண்டு முன்னப் பின்ன ஆடுதுங்களா? ஆடுனா பல்லு பாதிதான் கவ்வும். முனையில ஒரு வாஷர் இருந்திருக்குமே, போட்டீங்களா?"

"பாயி, நான் எஞ்சினையே தூக்கி உக்கார வைக்கறவன். எனக்கு வாஷர் கணக்கா?" என்று சிரித்தார் செபஸ்தியான். பாட்சாவும் சிரித்தார். அன்னாளுக்குச் சுவரில் தொங்குகிற படம் ஒரு நொடி கண்முன் வந்துபோயிற்று. புருஷனுக்கு நடுக்கடையில் பாடம் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. சும்மா இருந்துவிட்டாள். அந்தச் சும்மா இருந்ததற்காகப் பிறகு அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

புதுப் பல் கூர்மையாக இருந்தவரை கவ்விக்கொண்டு நின்றது. செபஸ்தியான் மகள் வீட்டுக்குப் போய்வந்தார். சீனாக்காரன் சண்டை ஓய்ந்த சமயத்தில் ஒருநாள் அதே மேட்டில் மறுபடி 'டக்'. அன்று மத்தியானமே பெட்டியைத் திறந்தார். பல் முனைகள் உருண்டு கிடந்தன. அரத்தை எடுத்துப் பல்லின் அடியில் ஒரு தேய் தேய்த்துப் பார்த்திருந்தால் இரும்பு மிருதுவா கெட்டியா என்று தெரிந்திருக்கும். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அவர் அரத்தை எடுக்கவில்லை. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போனார்.

டீக்கடையில் செல்லமுத்து இருந்தார். நாமகிரிப்பேட்டைத் தடத்தில் பஸ் விடுகிற முதலாளி. அவருடைய பஸ்களின் பல்வேலை முழுக்கப் பாட்சாவின் பட்டறைக்குத்தான் போகும். பட்டறை அடுப்பு அணையாமல் எரிந்ததே அந்த வேலையால். செபஸ்தியான் பல் உருண்ட சக்கரத்தைப் பெஞ்சின்மேல் வைத்து, எல்லோரும் பார்க்கச் சொன்னார்:

"பாருங்க இந்தக் கண்றாவிய. பாயி இத எலும்புக்கரி போட்டுச் சுட்டாரா, நோம்புக் கஞ்சி ஊத்திச் சுட்டாரா?"

கடையே கொல்லென்று சிரித்தது. செல்லமுத்து சிரிக்கவில்லை. பல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிட்டரு நீங்களே சொல்றீங்க" என்று மட்டும் சொன்னார். மறுவாரம் அவருடைய பல்சக்கரங்கள் ஈரோட்டுக்குப் போயின. லாரிக்காரர்களும் அவரைப் பார்த்து அப்படியே திரும்பினார்கள். கஞ்சிப் பல் என்று ஒரு பேச்சு சூரமங்கலத்தில் நடமாட ஆரம்பித்தது. சில நாளில் அதுவும் சுருங்கி, அன்வர் பாட்சாவுக்குக் கஞ்சி பாய் என்று பேர் ஆயிற்று. சொன்னவர்களில் பாதிப் பேருக்கு எதனால் அந்தப் பேர் என்றே தெரியாது. சொல்ல நன்றாக இருந்தது, சொன்னார்கள்.

பாட்சா ஒரு தடவை வீட்டுக்கே வந்தார். முற்றத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை.

"பிட்டரே, என் முன்னால பெட்டிய ஒருக்காத் தொறந்து காட்டுங்க. தப்பு என்னுதுன்னா செல்லமுத்து மொதலாளி கால்ல வுழுந்துட்டுப் போயிடறேன். ஆயுசு முச்சூடும் சம்பாரிச்ச பேருங்க இது."

"தொறக்கறதுக்கு ஒண்ணும் இல்ல பாயி. பல்லுதான் பேசுதே."

"பல்லு முனைதான் தேஞ்சிருக்கும், அடி தேஞ்சிருக்காது. அது ஒண்ண மட்டும் பாருங்க."

"எனக்கு டூட்டி இருக்குது" என்று செபஸ்தியான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு டூட்டி இல்லை. பாட்சா அன்னாளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். "வாரேன்மா" என்று சொல்லிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

அந்த வருஷம் நோன்பு வந்தது. சாயங்காலம் பள்ளிவாசல் பக்கமிருந்து வெந்தயமும் பூண்டும் கலந்த வாசனை வரும்போது செபஸ்தியான் வாசல் பக்கம் இரண்டு தடவை நடப்பார். பிறகு உள்ளே வந்து, "காப்பி போடு" என்பார். தூக்குச் சட்டி வரவில்லை. அது அன்னாள் வீட்டு அலமாரியில்தான் இருந்தது, போன பாஸ்குக்கு அதிரசத்தோடு போனது, நோன்புக்கு முன்பே ஏதோ காரியமாகத் திரும்பி வந்திருந்தது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவளுக்கு முகம் கொடுக்க முடியாத ஆளைப் பார்ப்பதுபோல இருக்கும். கடைத்தெருவில் மஸ்தான் பீவியைச் சந்தித்தாள். "நல்லா இருக்கீங்களா அன்னாக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மஸ்தான் பீவி கத்தரிக்காயைப் பொறுக்கப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தாலாவது தேவலாம் என்றிருந்தது.

பெருநாள் கழிந்த வாரம் லேத்தை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாங்கினவர் வெளியூர்க்காரர். பாட்சா வண்டியின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து போய், கயிறு தளர்ந்திருந்த இடத்தில் இழுத்துக் கட்டிவிட்டுத் திரும்பி வந்தாராம். பிறகு கோவிலுக்குப் போகிற ரோட்டில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்துவிட்டார். எஃகைக் கடைந்த கை ரப்பரைத் தேய்த்தது.

செபஸ்தியானுக்கு இது ஒன்றும் தெரியாமல் இல்லை. அதைப்பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். மதராஸிலிருந்து ஒரு டிரைவர் மூலமாக, அதே மாதிரி வண்டியை உடைத்து விற்ற இடத்தில் கிடைத்த கம்பெனிப் பல்சக்கரம் ஒன்று வரவழைத்தார். கன்னங்கரேலென்று, முனை மழுங்காமல் இருந்தது. "இது வெள்ளைக்காரன் சுட்டது. இது கழலட்டும் பாப்போம்" என்று போட்டார். பாஸ்குக்கு முந்திய தபசு காலத்தின் நடுவில் அதுவும் கழன்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் உட்கார்ந்தார். பெட்டி திறந்தது. கம்பெனிப் பல்லின் முனையும் உருண்டிருந்தது, பாட்சா பல்லைவிட மோசமாகவே. செபஸ்தியான் வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு தகர டப்பாவைக் கவிழ்த்து, பாட்சா கட்டின பழைய சக்கரத்தைத் தேடி எடுத்தார். இப்போது அரத்தை எடுத்தார். பல்லின் அடியில் வைத்துத் தள்ளினார். அரம் கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு கீறல்கூட விழவில்லை. இன்னொரு தடவை, அழுத்தி. அரத்தின் பல்தான் மழுங்கியது. அடியில் பாட்சா அராவின கோடுகள் புதிதாகப் போட்டவைபோல அப்படியே இருந்தன. அந்த அடிப்பல்லை எதுவும் ஒருநாளும் தொட்டதே இல்லை.

அவர் கட்டைவிரலை உள்ளே விட்டுத் தண்டைத் தள்ளினார். 'டிக்'. விரலை எடுத்துவிட்டு மறுபக்கம் தள்ளினார். 'டிக்'. தள்ளியும் இழுத்தும் அதையே செய்துகொண்டிருந்தார். மூச்சு விட இடம் விட்டிருந்தாரே, அந்த இடம். தண்டு அந்த இடத்துக்குள் ஒதுங்க ஒதுங்க, பல் பாதிதான் கவ்வியிருக்கிறது. யார் சுட்டுக் கொடுத்தாலும் அது உருளத்தான் செய்யும். அலுமினியச் சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த அன்னாள் ஒவ்வொரு 'டிக்'கையும் கேட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"அன்னா, அந்த வாஷரு எங்க?" என்று கொஞ்சம் கழித்துக் கேட்டார்.

எந்த வாஷர் என்று அவள் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தாள். அவர் எழுந்து உள்ளே போய்த் திரு இருதயப் படத்தை இறக்கினார். குறடால் கம்பியை அறுத்து வாஷரை உருவிக்கொண்டார். ஆண்டவரைச் சுவர்ப்பக்கம் முகம் திருப்பி அரிசிப் பானையோரம் சாய்த்துவைத்தார். வேண்டுமென்று அப்படி வைத்தாரா, அவசரத்தில் வைத்தாரா, கேட்க அவளுக்குத் துணிவில்லை. சுவரில் படம் இருந்த இடம் மட்டும் பழைய சுண்ணாம்பு வெளுப்போடு சதுரமாகத் தெரிந்தது.

வாஷரைப் போட்டார். பாட்சாவின் பல்லையே போட்டுப் பூட்டினார். எண்ணெய் ஊற்றி எடுத்துக்கொண்டு போனவர், ஜலகண்டாபுரம் ரோட்டு மேடுவரை போய்விட்டு வந்தார். அன்னாள் வாசலில் நின்றாள். வண்டி நிமிர்ந்து வந்தது. இரண்டு தோளும் ஒரே மட்டத்தில், முழங்கால்கள் இரண்டும் விலகி, பூசைக்கு நிற்கிறவர்போல நேராக உட்கார்ந்து வந்தார். எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்த கல் இன்றைக்கு இறங்கிவிடும் என்று நினைத்தாள். நல்ல சோறாக ஆக்கிப் போட்டாள். அவர் பாதி சாப்பிடுகிறவரை பொறுத்தாள்.

"ஏனுங்க, பாயி ஊட்டுக்கு ஒருக்காப் போயிட்டு வந்துர்லாமுங்களா?"

"எதுக்கு?"

"ஒரு வார்த்தைங்க. செல்லமுத்து மொதலாளி காதுல வுழுகற மாதிரி ஒரே ஒரு வார்த்தை. பல்லு மேல தப்பில்ல, எம்மேலதான்னு. நீங்க சொன்னா அவுரு கேப்பாரு. மறுபடி வேலையக் குடுப்பாரு. லேத்து இல்லாட்டிப் போவுது, வாடகைக்கு ஒண்ணு கெடைக்காதா?"

செபஸ்தியான் சோற்றில் குழிசெய்து ரசம் ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். ஊற்றினாள்.

"இந்தத் தடவ ஆயில மாத்துனேன்ல. கனமான ஆயிலு. அதான் புடிச்சிக்கிட்டுது" என்றார்.

அன்னாளுக்குக் கரண்டியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. இந்த மனிதரோடு குடித்தனம் பண்ணிய இத்தனை காலத்தில் அவர் அவளை அடித்ததில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை, டூட்டி என்று பாயிடம் சொன்ன அந்த ஒன்றைத் தவிரப் பொய் சொல்லிக்கூட அவள் கேட்டதில்லை. இப்போது கண்ணுக்கு நேராக, சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்கிறார்.

"இரும்புக்கு மூச்சு வுட எடம் வுடுறீங்க. அந்த மனுசன் மூச்சு வுட வேண்டாமுங்களா?" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

அவர் எழுந்து கை கழுவப் போனார். அன்று அவர் படத்தை மாட்டிக் கொடுக்கவில்லை. அவளே பழைய புடவைக் கரையைக் கிழித்துக் கட்டி மாட்டினாள். கனம் தாங்காமல் ஆண்டவர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றார்.

குருத்து ஞாயிறுக்கு முந்திய சாயங்காலம் கோவிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லித் தீர்க்கிற பாவசங்கீர்த்தனம். செபஸ்தியான் போய் வரிசையில் நின்று, முழந்தாளிட்டு, வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்தார். வெளியே காத்திருந்த அன்னாள் அதைக் கவனித்தாள். திரும்பி நடக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"சொல்லிட்டீங்களா?"

"என்னத்த?"

"அதத்தானுங்க."

"ஷெட்டுல ரெண்டு பேரத் திட்டுனது, வெள்ளிக்கெழம கறி தின்னது, எல்லாம் சொன்னேன்" என்றார். சற்றுத் தூரம் போன பிறகு, எரிச்சலாக, "சாமியாருக்கு கியர் பாக்ஸப் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

மறுநாள் பூசைக்குப் புதுக் கால்சட்டை போட்டுக்கொண்டார். முழங்காலில் ஒட்டு இல்லாத கால்சட்டை. இனி ஒட்டுக்கு வேலை இல்லை என்று அவரே கடைக்குப் போய்த் தைத்து வாங்கியது. பூசை முடிந்து குருத்தோலைகளோடு கிளம்பினார்கள். அன்னாள் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஓலையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையை அவர் தோள்மேல் வைத்திருந்தாள். ரோடு மேடேறியது. மூன்றாவது கியர் விழுந்தது, நின்றது. தோள் அசையவில்லை. பாட்சாவின் பல் அடிவரை கவ்விக்கொண்டு இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போயிற்று.

சைக்கிள் கடை தெரிந்தது. அன்வர் பாட்சா வாசலில் குத்தவைத்து, டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். செபஸ்தியான் வேகத்தைக் குறைத்தார். அன்னாளின் கை தோளை இறுக்கிப் பிடித்தது. நிறுத்தப்போகிறார். நேற்றுச் சொல்லாததை இன்றைக்குச் சொல்லப்போகிறார். கீழே இறங்கத் தோதாக அவள் புடவையை ஒதுக்கிக்கொண்டாள். எஞ்சின் சத்தம் கேட்டுப் பாட்சா தலையைத் தூக்கினார்.

அவள் கைக்கடியில் தோள் சரிந்தது. வண்டி நிற்கவில்லை. அன்னாள் எட்டிப் பார்த்தாள். புதுக் கால்சட்டையின் வலது முழங்கால் உள்ளே மடங்கி, கழலாத கியர்க் கம்பியை டாங்கியோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது.